ஆறு வருட நலங்கு மாவு: சேர்த்ததும் விலக்கியதும்

கைக்குழந்தையாக இருந்த மகளுக்குப் பயத்தம்மாவு தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த 2019இல்தான் நானும் சோப்பை விட்டு, பயறோடு வாசனைச் சரக்குகள் சேர்த்து அரைக்கும் நலங்கு மாவுக்கு மாறினேன். தூத்துக்குடியில் எங்கள் வீட்டு போர் தண்ணீர் கடும் உப்பு. அதில் சோப்பு சரியாக நுரைக்காது. பிசுபிசுவென்று ஒரு படலம் தோலிலேயே தங்கிவிடும். குளித்து அரை மணி நேரத்தில் முழங்காலுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். மாவுக்கு மாறிய ஒரு மாதத்தில் அது நின்றது. இன்றுவரை நான் விடாமல் இருப்பதற்கு அதுதான் முதல் காரணம்.

நிறம் மாறுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மாறாது. ஆறு வருடத்தில் நான் அதே மாநிறம்தான். கஸ்தூரி மஞ்சள் பூசினால் மீசை முடி உதிரும் என்பார்கள், எனக்கு உதிரவில்லை. மாதவிலக்கை ஒட்டித் தாடையில் வரும் பருவும் வரத்தான் செய்கிறது. ஆனால் குளித்தபின் தோல் இழுப்பதில்லை, சித்திரையில் முதுகு நிறைய வரும் வேர்க்குரு பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. பொடி தேய்ப்பதை ஆயுர்வேதத்தில் உத்வர்த்தனம் என்கிறார்கள். அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூலில் தினசரி ஒழுக்கம் சொல்லும் இடத்தில், அது தோலைத் தெளிவாக்கும் என்று அதன் ஆசிரியர் வாகபடர் எழுதியிருக்கிறார். தெளிவு என்பதுதான் சரியான சொல். வெளுப்பு வேறு.

முதல் வருடத்தில் பட்ட அடியைச் சொல்லியே ஆக வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கொடுத்த சாமான்களை அப்படியே அரைத்தேன். அதில் கார்போகரிசி என்ற விதையும் இருந்தது. சித்த மருத்துவத்தில் நலங்கு மாவுக்குச் சொல்லும் சரக்குகளில் அதுவும் ஒன்று. காலையில் தேய்த்துக் குளித்துவிட்டு ஸ்கூட்டியில் வேலைக்குப் போவேன். இரண்டே மாதத்தில் கன்னத்திலும் முன்கையிலும் திட்டுத்திட்டாகக் கறுத்துவிட்டது. தோல் டாக்டர், மாவில் போட்ட ஒவ்வொரு பொருளையும் எழுதித் தரச் சொன்னார். கார்போகரிசிக்கு வந்ததும் பேனாவால் வட்டம் போட்டார். அதில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. தோலில் அது இருக்கும்போது வெயில் பட்டால் தோல் எளிதில் வெந்து கறுக்கும். அதே குணத்தை வைத்துத்தான் வெண்புள்ளிக்கு வைத்தியம் செய்கிறார்கள். நோய்க்கு வைத்தியர் பார்த்துக் கொடுப்பது ஒன்று, தினமும் முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போவது வேறொன்று. திட்டு மறைய எட்டு மாதம் ஆனது. மாவில் எலுமிச்சைச் சாறு பிழிந்து குழைப்பவர்களும் கவனியுங்கள், அதற்கும் வெயிலோடு இதே பகை உண்டு.

அடுத்த முறை கடையில், "அண்ணாச்சி, கார்போகரிசி போடாதீங்க" என்றேன். "அது இல்லாம நலங்கு மாவா யம்மா?" என்று கேட்டார். கையை நீட்டிக் காட்டினேன். பேசாமல் அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டார்.

இப்போது என் கணக்கு இதுதான்: பாசிப்பயறு 1 கிலோ, கஸ்தூரி மஞ்சள் 100 கிராம், காய்ந்த பன்னீர் ரோஜா 100, ஆவாரம்பூ, வெட்டிவேர், கோரைக்கிழங்கு, பூலாங்கிழங்கு தலா 50. கஸ்தூரி மஞ்சளில்தான் ஏமாற்று அதிகம். அசலை உடைத்தால் உள்ளே வெளிறியிருக்கும், கற்பூரம் போல மணக்கும், தோலில் சாயம் ஒட்டாது. துண்டில் மஞ்சள் கறை பிடித்தால் உங்களுக்கு வந்தது வேறு மஞ்சள். வெட்டிவேரைக் கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்காவிட்டால் மெஷினில் நாராகச் சுற்றிக்கொள்ளும். மில்லுக்குக் காலையில் முதல் ஆளாகப் போங்கள். மிளகாய்த்தூள் அரைத்த சூட்டோடு அரைத்த மாவை என் நாத்தனார் முகத்தில் பூசிவிட்டுப் பட்ட பாடு எனக்குத் தெரியும். அரைத்ததை வேட்டித் துணியில் சலித்தே ஆக வேண்டும், கொரகொரப்பு முகத்தைக் கீறும்.

தொல்லைகளும் இருக்கின்றன. குளியலறைக் குழாய் அடைக்கும். ஈரக்கை பட்டால் ஐப்பசி மழையில் டப்பாவுக்குள் வண்டு வந்துவிடும். அதனால் மூன்று மாதத்துக்கு மேல் வருகிற அளவு நான் அரைப்பதில்லை.

குங்குமப்பூ சேர்த்துக் காய்ச்சும் முகத்தைலமான குங்குமாதி தைலத்தையும் இடையில் நான்கு மாதம் போட்டேன். நல்லெண்ணெயில் காய்ச்சுவது, என் எண்ணெய்ப் பசை முகத்துக்கு ஆகவில்லை, நெற்றி முழுக்கப் பொரிப்பொரியாக வந்தது. மீதியை அம்மாவிடம் கொடுத்தேன். அறுபது தாண்டிய வறண்ட தோல் அவருக்கு. இரவில் மூன்று சொட்டு, அவ்வளவுதான். உதட்டோரம் இருந்த வெடிப்பு ஆறிவிட்டது. ஒரு கிலோ குங்குமப்பூவுக்கு ஏறக்குறைய 1,50,000 பூ பறிக்க வேண்டும். பெரிய பாட்டில் நூறு ரூபாய்க்குக் கிடைத்தால் அதில் குங்குமப்பூ எவ்வளவு இருக்கும் என்று யோசித்து வாங்குங்கள்.

மகளுக்கு இப்போது ஆறு வயது. அவளுக்குப் பயறும் ரோஜாவும் மட்டும் தனியாக அரைத்து, டப்பாவின் மேல் தேதி எழுதி வைத்திருக்கிறேன். வெயிலில் விளையாடும் பிள்ளை, வேறெதுவும் சேர்ப்பதாக இல்லை.