காப்புரிமை என்று சொல்லி எங்கள் தலையில் கட்டியது

கோவை கணபதியில் என் கணவரும் நானும் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறோம். கைவலியால் சந்தகை பிழிய முடியாமல் தவித்த என் மாமியாருக்காக, கைப்பிடியை லேசாகச் சுற்றினாலே மாவு இறங்கும்படி, இரண்டு பற்சக்கரங்கள் வைத்து என் கணவர் ஒரு கருவி செய்தார். விற்கலாம் என்று தோன்றியதும், முதலில் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று ஓர் ஆலோசகரிடம் போனோம். முறையாகத்தான் நடந்தோம். இன்றுவரை மனம் ஆறாததும் அதனால்தான்.

"காப்புரிமை வாங்கித் தருகிறேன்" என்று 45,000 ரூபாய் வாங்கினார். சில மாதங்களில் அரசு முத்திரையோடு சான்றிதழ் வந்தது. "இனி தைரியமாக விற்கலாம்" என்றார். அதைக் கண்ணாடிச் சட்டகத்தில் போட்டுப் பட்டறையில் மாட்டினோம். ஒன்றரை ஆண்டில் நானூறு கருவிகளுக்கு மேல் விற்றோம். பிறகு அதே பற்சக்கரம், அதே உருவத்தில் வேறொருவரின் கருவி 300 ரூபாய் குறைவாகக் கடைக்கு வந்தது.

வழக்குப் போடலாம் என்று சென்னையில் ஒரு வழக்கறிஞரிடம் சான்றிதழை நீட்டினோம். "இது காப்பிரைட் அம்மா, பேட்டன்ட் இல்லை" என்றார்.

தமிழில் இரண்டையுமே காப்புரிமை என்று எழுதுகிறோம். அந்த ஒரு சொல்லை வைத்தே ஆலோசகர் எங்களை ஏமாற்றியிருக்கிறார். பேட்டன்ட் கருவி இயங்கும் முறையை 20 ஆண்டுகள் காக்கும். காப்பிரைட் காப்பது படம், எழுத்து போன்ற படைப்புகளை. அவர் பதிவு செய்தது என் கணவர் வரைந்த படத்தை மட்டும். அதற்கு அரசுக் கட்டணம் 2,000 ரூபாயைத் தாண்டாது. அந்தப் படமும் கைகொடுக்கவில்லை. பொருளின் வெளித்தோற்றத்தைக் காக்க வடிவமைப்புச் சட்டம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதில் பதிவு செய்யக்கூடிய ஓர் உருவத்தைப் பதியாமல், தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால் அதன்மேல் காப்பிரைட் இல்லாமல் போய்விடும் என்கிறது 1957ஆம் ஆண்டு காப்பிரைட் சட்டத்தின் 15ஆவது பிரிவு. நாங்கள் செய்தது நானூறு!

இப்போதாவது பேட்டன்ட் கேட்கலாமா என்றேன். விண்ணப்பிக்கும் முன்பே வெளியே விற்றுவிட்டால் அது புதியது ஆகாதாம். வடிவமைப்புப் பதிவுக்கும் அதே தடைதான். எங்கள் சொந்த விற்பனையே எங்களுக்கு எதிரான சான்று. விற்பதற்கு முன் போயிருந்தால் தனிநபருக்கான விண்ணப்பக் கட்டணம் பேட்டன்டுக்கு 1,600, வடிவமைப்புக்கு 1,000. பேட்டன்ட் கிடைத்திருக்குமா என்பது வேறு விஷயம். கேட்கும் வாய்ப்பையே அந்த மனிதர் பறித்துவிட்டார்.

பட்டறை வைத்திருப்பவர்களே, பணம் கொடுக்கும் முன் "எந்தச் சட்டத்தின் கீழ், எதைப் பதிகிறீர்கள்?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதிவு பெற்ற பேட்டன்ட் முகவர்களின் பட்டியல் அரசின் இணையதளத்திலேயே இருக்கிறது. எங்கள் ஆலோசகரின் பெயர் அதில் இல்லை.

எஞ்சியிருப்பது கருவிக்கு நாங்கள் வைத்த பெயர். போன வாரம் 4,500 ரூபாய் கட்டி அதற்கு வணிகச் சின்ன விண்ணப்பம் போட்டோம். பற்சக்கரத்தை யார் வேண்டுமானாலும் செய்யலாம்.