செட்டில் கோளாறு இல்லை என்று சொன்ன கடை

சென்னை அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜி.பி. ரோட்டில் காரை சற்று மெதுவாக ஓட்டினாலே போதும், ஸ்டீரியோவும் சீட் கவரும் விற்கும் கடைகளின் பையன்கள் கையைக் காட்டி மறித்துவிடுவார்கள். நான் எழுதுவது, யாரையும் மறிக்காமல் ஒரு சந்துக்குள் ஒதுங்கியிருக்கும் சிறிய பழுதுபார்க்கும் கடையைப் பற்றி. இப்போது வரும் கூட்டத்தையே சமாளிக்க முடியவில்லை என்று அதன் உரிமையாளரான பெரியவர் கேட்டுக்கொண்டதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

என்னுடைய பதினொரு வயதுக் காரில், வெளியே வாங்கிப் பொருத்திய ஸ்டீரியோ செட் மூன்று மாதங்களாகத் தகராறு செய்துகொண்டிருந்தது. முதலில் சத்தத்தைக் கூட்டும்போது மட்டும் அணைந்து மீண்டும் எரியும். நாளடைவில் திரை ஒரு நொடி மின்னி மறைவதோடு சரி. வீட்டருகே உள்ள ஒரு கடையில் இருமுறை ஃபியூஸை மாற்றினார்கள். எடுத்த ஃபியூஸ் இரண்டுமே எரியாதவை என்பதை நான் சுட்டிக்காட்டியபோது, செட்டின் ஆயுள் முடிந்துவிட்டது, பதினான்காயிரம் ரூபாயில் ஆண்ட்ராய்டு செட் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள்.

ஜி.பி. ரோட்டுப் பெரியவர் செட்டைத் தொடுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டார்: "ஒவ்வொரு தடவை அணையும்போதும் மணியும் ஸ்டேஷனும் அழிஞ்சு போகுதா சார்?" ஆம் என்றேன். அந்த ஒரு பதிலே அவருடைய தேடலைப் பாதியாகக் குறைத்துவிட்டது. வெளியே வாங்கும் செட்டுகளில் பொதுவாக மஞ்சள் வயர் பேட்டரியிலிருந்து எப்போதும் 12 வோல்ட்டைக் கொண்டுவருகிறது, சிவப்பு வயர் சாவியைத் திருப்பியதும் செட்டை எழுப்புகிறது, கறுப்பு எர்த், அதாவது மின்சாரம் வண்டியின் இரும்பு வழியாக பேட்டரிக்குத் திரும்பும் பாதை. சிவப்பில் மட்டும் கோளாறு என்றால் செட் எரியாதே தவிர, நினைவில் உள்ளவை அழியா. அழிகின்றன என்றால் மஞ்சளையோ எர்த்தையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று அவர் விளக்கினார்.

செட்டை வெளியே இழுத்து மல்டிமீட்டரை வைத்தபோது மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 12.4 வோல்ட் காட்டியது. நானாக இருந்திருந்தால் அத்தோடு வயரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டியிருப்பேன். அவரோ பிரேக் விளக்கில் போடும் 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு வயர்களைப் பற்றவைத்த டெஸ்ட் லேம்பை எடுத்தார். மீட்டர் ஏறக்குறைய மின்னோட்டமே எடுக்காது என்பதால் ஒற்றை இழையில் தொங்கும் இணைப்பும் அதில் முழு வோல்ட்டைக் காட்டிவிடும். பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் அளவுக்கு இழுப்பதால் அதை ஏமாற்ற முடியாது. மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே பல்பு மங்கலாகச் சிவந்தது. கறுப்பை விட்டுவிட்டு வண்டியின் இரும்பில் வைத்ததும் பளிச்சென்று எரிந்தது. எர்த்தான் போயிருந்தது.

டாஷ்போர்டுக்குள் கையை விட்டு அவர் உருவிய கறுப்பு வயரில், முன்பு செட்டைப் பொருத்தியவர்கள் முறுக்கி டேப் மட்டும் சுற்றியிருந்த இணைப்பு இருந்தது. டேப்பைப் பிரித்தால் உள்ளே செம்பு முழுவதும் பச்சைக் களிம்பு. அந்தத் துண்டை வெட்டி எறிந்து, புதிய வயரை ஈயம் வைத்துப் பற்றவைத்து, மறுமுனையை பெயின்ட் சுரண்டிய இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கினார். சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் இப்போது செட் அணைவதில்லை. வேலை நாற்பது நிமிடம். கூலி நானூற்றைம்பது ரூபாய்.

குறைகளும் உண்டு. வண்டியை நிறுத்த இடமே கிடையாது, முறை வருவதற்கு இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டியிருந்தது. ரசீது கேட்டதற்குச் சிரித்தார், உத்தரவாதம் வாய்ச்சொல்தான். புதிதாக வாங்கி, காரண்டி இன்னும் முடியாத செட்டை வைத்திருப்பவர்கள் இங்கே கொண்டுபோய்த் திறக்கக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இடது முன்கதவு ஸ்பீக்கர் பேசாததையும் சொன்னேன். செட்டிலிருந்து பிரித்த அதன் வயர்களில் ஒன்றரை வோல்ட் பென்சில் செல்லை வைத்துப் பார்த்தார், சத்தமில்லை. கதவு அட்டையைக் கழற்றி ஸ்பீக்கரிலேயே வைத்தபோது 'டப்' என்றது. ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது, கதவு திறந்து மூடும் இடத்து ரப்பர் குழாய்க்குள் வயர் மடங்கி மடங்கி அறுந்திருக்கும் என்றார். ஆனால் அன்றைக்கு அதைப் பார்க்க நேரமில்லை என்று அனுப்பிவிட்டார், வார நாளில் பத்து மணிக்கே வந்துவிடுங்கள் என்ற கண்டிப்போடு.