முதல் குளிர்காலம்: பழக்கன்றை மண்ணில் புதைப்பதா, கேரேஜில் வைப்பதா?

விதை போட்டு முளைக்க வைத்த ஆப்பிளோ பேரியோ பிளம்மோ முதல் கோடையிலேயே முழங்கால் உயரம் வந்துவிடும். இலை உதிரத் தொடங்கியதும் கவலையும் தொடங்கும். தொட்டியில் நிற்கும் கன்றை உறைபனியிலிருந்து எப்படிக் காப்பது? தொட்டியோடு மண்ணில் புதைக்கலாம், சூடேற்றாத கேரேஜில் வைக்கலாம், பிளாஸ்டிக் குடிலில் வைக்கலாம், வீட்டுக்குள் ஜன்னலோரம் வைக்கலாம்.

பாசத்தில் பலரும் செய்வது கடைசி வழி. ஆனால் இலையுதிர்த்து உறங்கப் போன கன்றுக்குக் குளிர் தேவை. ஆப்பிள் வகைகள் பலவற்றுக்கு 0 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் 800 முதல் 1,000 மணிநேரம் கழிந்தால்தான் வசந்தத்தில் மொட்டுகள் ஒழுங்காக விரியும். 20 டிகிரி அறையில் அது கிடைக்காது. எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற இலையுதிராத கன்றுகள் மட்டும் வெளிச்சமுள்ள, கொஞ்சம் குளுமையான அறைக்குள் வரட்டும்.

மற்ற வழிகளை எடைபோட ஒன்றைப் பார்த்தால் போதும்: வேர். நன்றாக உறங்கும் ஆப்பிள் கிளை மைனஸ் 30 டிகிரியைக்கூடத் தாங்கும். அதே கன்றின் இளம் வேர் மைனஸ் 10 டிகிரியை ஒட்டியே செத்துவிடக்கூடும். தரையில் வளரும் மரத்தின் வேரைச் சுற்றியுள்ள மண்ணும் மேலே கிடக்கும் பனியும் காக்கின்றன. தொட்டிக்கோ நாலு பக்கமும் காற்று.

இதை நான் ஆறு கன்றுகளைப் பறிகொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். தொட்டிகளைச் சாக்கால் நன்றாகச் சுற்றி, சுவரோரம் கல் தரையில் வைத்தேன். வசந்தத்தில் நகத்தால் பட்டையைக் கீறினால் பச்சை தெரிந்தது, மொட்டும் விரிந்தது. இரண்டு வாரத்தில் எல்லாம் வாடிச் சாய்ந்தன. தொட்டியிலிருந்து உருவிப் பார்த்தால் வேர்கள் கரும்பழுப்பாக இருந்தன. விரலால் இழுத்ததும் மேல்தோல் உறை மாதிரி கழன்று வந்தது. நம் உடம்பில் சூடு உண்டாவதால் போர்வை நமக்கு உதவுகிறது. தொட்டிக்கு அப்படி எந்தச் சூடும் இல்லை. சாக்கு குளிரைச் சற்றுத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

அதனால் என் முதல் தேர்வு புதைப்பதுதான். மண் இறுகுவதற்கு முன், தண்ணீர் தேங்காத, காற்றும் குளிர்கால வெயிலும் அதிகம் படாத இடத்தில் குழி எடுங்கள். தொட்டியின் விளிம்பு தரைமட்டத்தில் இருக்கட்டும். மேல்மண் லேசாக உறைந்த பிறகு 10 முதல் 15 செ.மீ. உயரத்துக்குச் சருகு மூடாக்குப் போடுங்கள். முன்கூட்டியே போட்டால் எலி குடிவந்துவிடும். தண்டை ஒட்டிச் சருகு வேண்டாம். இதன் பெரிய பலவீனமும் எலிதான். பனிக்கு அடியில் வழி பறித்து வந்து பட்டையைச் சுற்றிலும் கொறித்துவிட்டால் கன்று பிழைக்காது. 6 மி.மீ. கண்ணுள்ள கம்பி வலையைக் குழாயாகச் சுருட்டி, கொஞ்சம் மண்ணுக்குள் இறக்கி, பனி ஏறும் உயரத்துக்கும் மேலே நிற்கும்படி வையுங்கள்.

தோண்ட மண் இல்லை, இருந்தாலும் நீர் தேங்குகிறது, அல்லது பனிப் போர்வையே இல்லாமல் கடுங்குளிர் அடிக்கிறது என்றால் சரி, கேரேஜ். மைனஸ் 5 முதல் 5 டிகிரிக்குள் நின்றால் அருமையான இடம். இலை இல்லாத கன்றுக்கு வெளிச்சம் தேவையில்லை. ஆனால் இங்கே கன்றுகள் பெரும்பாலும் காய்ந்தே சாகின்றன. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டால் போதும். இன்னொரு தொல்லை, வெளியே பனி விலகும் முன்பே கேரேஜ் சூடாகிக் கன்று விழித்துக்கொள்வது. அந்த வெளிறிய தளிரை வெளியே வைத்தால் ஒரே இரவில் கருகிவிடும். மண்ணில் புதைத்த கன்று மண்ணோடு சேர்ந்துதான் விழிக்கும். அத்திக்கு மட்டும் நான் கேரேஜையே சொல்வேன். அதன் தண்டே கடுங்குளிர் தாங்காது.

பிளாஸ்டிக் குடில் எனக்குப் பிடிக்கவில்லை. வெயிலடித்தால் பகலில் வசந்தம், இரவில் மறுபடி உறைபனி, கன்று குழம்பிப்போகும். வைத்தே ஆகவேண்டும் என்றால் வெள்ளை பிளாஸ்டிக் போட்டு, பகலில் திறந்துவிட்டு, தொட்டிகளை அங்கேயும் மண்ணுக்குள் இறக்குங்கள்.

எந்த வழியில் வைத்திருந்தாலும், வசந்தத்தில் பட்டையின் பச்சையை மட்டும் நம்பாமல் ஒரு கன்றையாவது உருவி வேரைப் பாருங்கள். கீறினால் உள்ளே வெள்ளையாகவும் உறுதியாகவும் இருந்தால், பெரிய தொட்டிக்கோ தரைக்கோ மாற்றலாம்.