பாங்காங் ஏரியா, சோ மோரிரியா?

லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்தில் உள்ள இவ்விரு ஏரிகளில், வரலாற்றில் நாட்டமுள்ளவர் முதலில் காண வேண்டியது பாங்காங்தான். ஏறத்தாழ 4,250 மீட்டர் உயரத்தில் 130 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் இந்த ஏரியின் மேற்குப் பகுதி இந்தியாவின் கட்டுப்பாட்டிலும், பெரும்பகுதி சீனாவின் கட்டுப்பாட்டிலும் உள்ளது. 1962 போரில் இதன் வடகரையில் இருந்த சிரிஜாப் காவல் முனையைக் காத்து நின்ற மேஜர் தன் சிங் தாபா இறந்துவிட்டதாகக் கருதப்பட்டு, அவருக்குப் பரம்வீர் சக்ர விருது அறிவிக்கப்பட்டது; அவர் போர்க்கைதியாக உயிரோடு இருந்தார் என்பது பின்னரே தெரியவந்தது. அதே கரையில் 2020-இல் இரு நாட்டுப் படைகளும் மீண்டும் எதிரெதிரே நின்று, 2021 பிப்ரவரியில் பின்வாங்கின.

பண்டைக் காலத்தில் ஷியோக் ஆற்றின் வழியே சிந்துவுக்கு வடிந்த பாங்காங்குக்கு இன்று வெளியேறும் வழி இல்லை. நீர் ஆவியாகி உப்பு தங்கிவிடுவதால் மேற்குப் பகுதி உவர்ப்பாகவும், ஆறுகள் வந்து சேரும் கிழக்குப் பகுதி நன்னீராகவும் இருக்கின்றன. உவர்நீராக இருந்தும் குளிர்காலத்தில் உறைந்துவிடுகிறது.

சோ மோரிரி அளவில் மிகச் சிறியது. ஆனால் 4,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2002-இல் இடம்பெற்ற இதன் கரையில், வரித்தலை வாத்துகள் கோடையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. நம் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வருவதும் இந்த இனமே. கோர்சோக் மடாலயத்தைச் சுற்றிப் பஷ்மினா ஆடுகளை மேய்க்கும் சாங்பா மக்களின் வாழ்வையும் பறவைகளையும் அமைதியாகக் காண விரும்புவோருக்கு இதையே தயங்காமல் பரிந்துரைப்பேன்.