மூன்றை ஒன்றாக்கிய பழைய மலைச் சைக்கிள்: இரண்டு வருட அனுபவம்

போன வாரம் பொள்ளாச்சியிலிருந்து மாமன் மகன் கூப்பிட்டார். "மாப்ளே, நம்ம பழைய வண்டியையும் உங்க வண்டி மாதிரியே மாத்திரலாமுங்களா?" நான் அப்போது பாட்டம் பிராக்கெட்டை (பெடல் அச்சு சுழலும் பேரிங் பகுதி) கழற்றிப் போட்டுக் கையெல்லாம் கிரீஸோடு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பெடலோடு சேர்ந்து சுற்றும் முன்பக்கப் பல்சக்கரம், அதாவது செயின்வீல், மூன்று இருந்ததை நான் ஒன்றாக்கியதைத்தான் அவர் கேட்டார். இனி சொல்கிறேன்.

என் வண்டி 1994-ல் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. க்ரோமோலி ஸ்டீல் ஃப்ரேம், 26 அங்குல வீல், முன்னால் 48, 38, 28 பல்லில் மூன்று செயின்வீல், பின்னால் 14 முதல் 28 பல் வரை ஏழு கியர். இப்போது முன்னால் 34 பல்லில் ஒரே செயின்வீல், பின்னால் 11 முதல் 42 பல் வரை ஒன்பது கியர். பழைய கிராங்கில் (பெடல் மாட்டும் கை) செயின்வீலைப் பிடிக்கும் போல்ட்கள் நிற்கும் வட்டம் 110 மில்லிமீட்டர். அதில் 34-க்குக் கீழே ஏறாது, அதனால்தான் 34. பின் வீல் மாட்டும் இடத்தில் ஃப்ரேமின் அகலம் 135 மில்லிமீட்டர் இருந்ததால், ஒன்பது கியரையும் தாங்கும் கேசட் ஹப் (வீலின் நடுப்பகுதி) போட்டு வீல் கட்ட முடிந்தது. இன்றைய பல மலைச் சைக்கிள்களுக்கு வரும் 148 மில்லிமீட்டர் ஹப் இதில் நுழையவே நுழையாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முன்பு மிக லேசான கியர் 28-க்கு 28. பெடல் ஒரு சுற்று, வீல் ஒரு சுற்று. இப்போது 34-க்கு 42, அதாவது பெடல் ஒரு சுற்றுக்கு வீல் 0.81 சுற்றுதான். காகிதத்தில் சின்ன வித்தியாசம். வடவள்ளியிலிருந்து கணுவாய், தடாகம் வழியாக மாங்கரை தாண்டி ஆனைகட்டி மேட்டில் ஏறும்போது அது முழங்காலுக்குத் தெரியும். முன்பு இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளிய ஏற்றத்தை இப்போது உட்கார்ந்தபடியே முடிக்கிறேன். டீரெய்லரில் (செயினை ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பின்பக்கக் கருவி) செயினை ஆடவிடாமல் பிடிக்கும் கிளட்ச் இருப்பதால் குழி விழுந்த ரோட்டிலும் செயின் ஃப்ரேமில் அடிக்கும் சத்தம் இல்லை. முதல் நாள் அந்த அமைதிக்காகவே வீட்டுக்குப் போகாமல் இன்னும் பத்து கிலோமீட்டர் சுற்றினேன். பழைய வண்டி இப்படிப் போகும் என்று நான் நினைக்கவே இல்லை.

பழைய கேன்டிலீவர் பிரேக்கை எடுத்து வி-பிரேக் போட்டதும் சரியான முடிவு. ஆனால் லீவரையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய லீவர் கேபிளைக் குறைவாகத்தான் இழுக்கும். டயர் வாங்கும்போதும் கவனம்: கடையில் வெறுமனே 26 என்று கேட்டால் சாதா சைக்கிளுக்கான 26 x 1⅜ வந்துவிடும். அது 590 மில்லிமீட்டர் ரிம்முக்கு, நம்முடையது 559.

சரி, இப்போது என்னைத் தூங்கவிடாத விஷயம். 42 பல் கியரில் செயின் இருக்கும்போது பெடலைப் பின்னால் சுற்றினால் செயின் கழன்று அடுத்த சின்னக் கியருக்கு விழுகிறது. முன்னால் மிதிக்கும்போது கீழே வரும் செயினை டீரெய்லர் பிடித்துப் பல்லில் உட்கார வைக்கிறது. பின்னால் சுற்றும்போது மேல்பக்கச் செயினை வழிநடத்த எதுவும் இல்லை. முன் செயின்வீல் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அந்தப் பக்கமே இழுபடுகிறது. பின்னால் உள்ள ஒன்பது கியரின் நடுக்கோடு ஃப்ரேம் மையத்திலிருந்து சுமார் 45 மில்லிமீட்டரில் இருக்கிறது, என் செயின்வீல் நின்றது 50-ல்.

பின்னால் எதற்குச் சுற்ற வேண்டும் என்று கேட்பீர்கள். மேட்டில் எதிரே பஸ் வருகிறது, காலை ஊன்றி நிற்கிறோம். மறுபடி கிளம்ப வேண்டுமென்றால் பெடலைப் பாதத்தால் அரைச் சுற்று பின்னுக்குக் கொண்டுவந்துதானே மிதிக்க வேண்டும்? அந்த அரைச் சுற்றில் செயின் விழுந்துவிடும். மிதித்தால் 'டடக்' என்று இடறி, வண்டி நகராமல் சாய்கிறது. மாங்கரைக்கு மேலே யானை ரோட்டைக் கடக்கிற இடம் அது. அங்கே நின்று செயின் மாட்டிய மூன்று முறையும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். "கொண்டாங்க தம்பி, அரை மணி நேரத்துல கடஞ்சு குடுத்தர்றேன்" என்றார். ஒரு மில்லிமீட்டர் கனத்தில் ஐந்து அலுமினிய வாஷர், ஒவ்வொன்றும் காலிபரில் வைத்தால் முடியளவுகூட மாறவில்லை. அதை வைத்ததும் செயின்வீல் ஒரு மில்லிமீட்டர் உள்ளே வந்தது, செயின் விழுவது பாதியானது. போன வாரம் பாட்டம் பிராக்கெட் பேரிங் போனதால் 118-க்குப் பதில் 113 மில்லிமீட்டர் ஆக்சில் போட்டேன். அதில் 2.5 மில்லிமீட்டர் உள்ளே வந்தது. வாஷரையும் வைத்தால் செயின்வீல் ஃப்ரேமில் உரசியது, வாஷரைக் கழற்றிவிட்டேன். ஞாயிறு ஆனைகட்டி போனேன். எட்டு முறை பின்னால் சுற்றிப் பார்த்தேன். ஒருமுறை விழுந்தது.

பழைய 28 பல் செயின்வீல் இருந்த காலத்தில் இது ஒருநாளும் நடந்ததில்லை. பின்னால் உள்ள பெரிய கியருக்கு நேராக அந்தச் சின்னச் செயின்வீல் உள்ளே நின்றது. மூன்று செயின்வீல் எதற்கு என்று அதை நான்தான் கழற்றினேன்.

அதனால் மாப்ளே, நீங்க பின் வீலையும் பிரேக்கையும் மட்டும் மாத்துங்க. முன்னால இருக்கிற மூணையும் தொடாதீங்க. என் பழைய 48-38-28-ஐ டீசலில் கழுவித் துடைத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். இந்த ஞாயிறும் செயின் விழுந்தால் அது வண்டிக்குத் திரும்பப் போகும்.