கலரா, கிரேஸ்கேலா, கறுப்பு வெள்ளையா? புள்ளி போகாத பிடிஎஃப்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறியதும் மண்டபத்தில் என் ஜெராக்ஸ் கடையில் கூட்டம் சேர்ந்துவிடும். கடலுக்குப் போகாத நாளில்தான் காகித வேலை பார்க்க முடியும். படகுப் பதிவுச் சான்று, பாஸ்புக், வீட்டுப் பத்திரம் என்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக்கி இணையத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றும் இடத்தில் பல நேரம் 200 கேபிதான் வரம்பு. கலர், வெறும் கறுப்பும் வெள்ளையும், நடுவில் சாம்பல் சாயல்களும் வரும் கிரேஸ்கேல் என்று மூன்று வழியிலும் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு இப்போது கிரேஸ்கேலுக்கு வந்து சேர்ந்திருக்கிறேன்.

கலரைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஏ4 தாளை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் எடுத்தால் 2480க்கு 3508, அதாவது சுமார் 87 லட்சம் பிக்சல். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் சுருக்குவதற்கு முன் 26 எம்பி. அதை 200 கேபிக்குள் அமுக்கினால் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பதுபோல் அழுக்கு படியும். பாஸ்போர்ட் மாதிரி நிறம் கட்டாயம் வேண்டியதற்கு மட்டும் கலர்.

கறுப்பு வெள்ளையை அப்படி ஒதுக்கிவிட முடியாது. இரண்டு வருடம் அதில்தான் ஓட்டினேன். ஒரு பிக்சலுக்கு ஒரே ஒரு பிட். ஃபேக்ஸ் காலத்து ஜி4 முறையில் சுருக்கினால் தட்டச்சுப் பக்கம் 300 டிபிஐயிலேயே பெரும்பாலும் 100 கேபிக்குள் அடங்கும், எழுத்தும் கத்திபோல் இருக்கும். சுத்தமான அச்சுத் தாளுக்கு இன்றும் இதையே சொல்வேன்.

ஆனால் எங்கள் பக்கம் வரும் தாள்கள் சுத்தமானவை அல்ல. உப்புக்காற்றில் ஸ்கேனர் கண்ணாடியிலும் ஒரு மங்கல் படிகிறது. அது படத்தில் பொடிப் பொடியாக விழுந்து கோப்பின் அளவையும் ஏற்றிவிடும். அதற்காகத் துகள் நீக்கும் வசதியைப் போட்டு வைத்திருந்தேன். அங்கேதான் தவறு நடந்தது. மெய்யெழுத்தின் புள்ளியையும் அது தூசி என்று துடைத்துவிடுகிறது. ‘முருகன்’ என்பது ‘முருகன’ ஆகிவிடும். ‘கெ’வுக்கும் ‘கே’வுக்கும் கொம்பில் உள்ள ஒரு சுழிதானே வித்தியாசம்? மங்கிய தாளில் அதுவும் நிற்பதில்லை.

பாஸ்புக் இன்னும் மோசம். ரிப்பன் தேய்ந்த பிரிண்டரில் அடித்த எண்கள். ஒரு பிக்சல் கறுப்பா வெள்ளையா என்று மிஷின் ஒரே வெட்டாக முடிவு செய்ய, பெரியவர் ஒருவரின் கணக்கு எண்ணில் இருந்த 8 இடப்பக்கம் அழிந்து 3 ஆகிவிட்டது. “தம்பி, நம்பர் தப்புன்னு திருப்பி அனுப்பிட்டாக” என்று வந்து நின்றார். நிவாரணப் பணம் அந்தக் கணக்குக்குத்தான் வர வேண்டும். அன்றைக்கு முழுதும் எனக்கு வேலை ஓடவில்லை.

கறுப்பு வெள்ளையில் ஜேபிக்2 என்று இன்னொரு முறையும் உண்டு. அதில் ஒரு வகை, ஒன்றுபோல் தெரியும் எழுத்துகளுக்கெல்லாம் ஒரே படத்தை ஒட்டி இடத்தை மிச்சம் பிடிக்கும். அப்படி 6 இருந்த இடத்தில் 8 வந்து விழுவதை 2013இல் ஜெர்மனியின் கணினி ஆராய்ச்சியாளர் டேவிட் கிரீசல் கண்டுபிடித்துக் காட்டினார். அதனால் கறுப்பு வெள்ளை எடுப்பவர்கள் ஜி4 பக்கமே நிற்பது நல்லது.

கிரேஸ்கேலில் பிக்சலுக்கு 256 சாயல். மங்கிய 8 மங்கலான 8 ஆகவே இருக்கும், படிப்பவர் கண்ணுக்குப் புரிந்துவிடும். ஊதா முத்திரையும் தப்பிக்கும். அளவைக் குறைக்க நான் செய்வது இரண்டு. முதலில் வெளிச்ச அளவை நகர்த்தித் தாளின் பழுப்பை வெள்ளையாக்கிவிடுவேன். பின்னணி சமமானால், படத்தைச் சுருக்கும் ஜேபெக் முறை அதற்கு அதிக இடம் செலவழிக்காது. அப்புறம் 300 டிபிஐ மூலத்தைத் தனியே வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு மட்டும் 150இல் நகல். பிக்சல் கால்பங்காகிவிடும். நகல் சரியில்லை என்றால் மூலத்திலிருந்து மறுபடி எடுப்பேனே தவிர, சுருக்கியதையே திரும்பச் சுருக்குவதில்லை. வாட்ஸ்அப்பில் படமாக வந்ததும் ஏற்கெனவே சுருங்கியதுதான், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

நிறப்படம் நிறைந்த மலர், பட்டியல் எல்லாம் நான் அதிகம் செய்ததில்லை, அங்கே கணக்கு வேறாக இருக்கலாம். நுணுக்கிய கையெழுத்துப் பத்திரத்துக்கு 150 போதாது, 200 வைக்கிறேன். வரம்பு தாண்டினால் பக்கங்களைப் பிரித்து ஏற்றுகிறேன்.

இப்போது காலையில் கடை திறந்ததும் முதல் வேலை கண்ணாடி துடைப்பது. துகள் நீக்கும் வசதியை அணைத்தே வைத்திருக்கிறேன். ஏற்றுவதற்கு முன் திரையில் 200 சதவீதம் பெரிதாக்கி, பெயரின் கடைசி எழுத்தில் புள்ளி இருக்கிறதா, கணக்கு எண் சரிதானா என்று வந்தவரையே பார்க்கச் சொல்கிறேன்.