பாடபேதம் குறிக்க எது ஏற்றது: வேர்டா, சி.டி.இ.யா, லேடெக்கா?

ஆய்வேட்டை வேர்டிலேயே முடித்துவிடலாமா, கட்டளைகளோடு எழுதிப் பக்கம் அமைக்கும் லேடெக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா என்று டெல்லியில் தமிழ் ஆய்வு செய்யும் இளையவர்கள் கேட்கிறார்கள். நாவல், சிறுகதை, சமூக வரலாறு என்றால் வேர்டும், மேற்கோள் நூல்களைத் தொகுத்துத் தரும் ஸொட்டெரோவும் தாராளமாகப் போதும். சுவடிப் பதிப்பு என்றால் என் பதில் வேறு. நான் ஒரு பிள்ளைத்தமிழை அதன் பழைய உரையோடு, மூன்று சுவடிகளை ஒப்பிட்டு, ஏட்டுக்கு ஏடு சொல் மாறும் இடங்களை, அதாவது பாடபேதங்களை, குறித்துப் பதிப்பித்து வருகிறேன். அதற்கு லேடெக்கைத்தான் தேர்ந்தேன்.

செலவு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லேடெக்கும், வேர்டுக்கு மாற்றான லிப்ரே ஆபிஸும் இலவசம். பதிப்புப் பணிக்கான கிளாசிக்கல் டெக்ஸ்ட் எடிட்டர் எனப்படும் சி.டி.இ.க்கு உரிமம் வாங்க வேண்டும். அது விண்டோஸ் மென்பொருள். யூனிகோடு தமிழ் வேர்டு, சி.டி.இ., லேடெக் மூன்றிலும் ஓடும்.

முடிவைத் தீர்மானிப்பது வரி எண்தான். உ.வே.சாமிநாதையர் பதிப்புகளில் பக்கத்தின் அடியில் ‘பி-ம்’ என்று பிரதிபேதம், அதாவது பாடபேதம், வரும். இன்றைய ஆய்வுப் பதிப்பில் அதோடு வரி எண், மூலச்சொல், எந்த ஏட்டில் என்ன பாடம் என்று எல்லாம் வேண்டும். பாட்டில் சிக்கல் குறைவு, அடி எண் மாறாது. உரைநடை அப்படியில்லை. பன்னிரண்டாம் வரியில் ‘மலர்ந்த’ என்றிருக்கிறது, இரண்டாம் ஏட்டில் ‘மலிந்த’ என்று வைத்துக்கொள்வோம். வேர்டில் வரி எண்ணைக் காட்டச் சொல்லலாம். ஆனால் அந்த எண்ணை அடிக்குறிப்பு தானாக எடுத்துக்கொள்ளாது. ‘12’ என்று நாம்தான் அடிக்க வேண்டும். மேலே ஒரு சொல்லைச் சேர்த்தால் வரிகள் நகரும், கீழே உள்ள எண்கள் எல்லாம் பொய்யாகும். இத்தனைக்கும் நாம் எதையும் திருத்தாமலே இது நடக்கலாம். டெல்லி பேர் சராயில் பைண்டிங் கடைக் கணினியில் வேர்டு கோப்பைத் திறக்கிறார்கள். நம் தமிழ் எழுத்துரு அங்கே இல்லை. வேறொன்று வந்து உட்காரும், வரிகள் இடம் மாறும், கைப்பட அடித்த எண்கள் அப்படியே நிற்கும். ஆய்வேட்டைத் திருத்துபவர் பன்னிரண்டாம் வரியில் ‘மலர்ந்த’ என்பதைத் தேடுவார், அது பதினான்கில் இருக்கும்.

லேடெக்கில் இதற்கென்றே ரெலெட்மாக் என்ற தொகுப்பு இருக்கிறது. மூலச்சொல்லை ஒரு அடைப்புக்குள்ளும் பாடபேதத்தை அடுத்த அடைப்புக்குள்ளும் எழுதிவிட்டால் போதும். எண்ணை நாம் தொடுவதே இல்லை. பாடபேதத்துக்கு ஒன்று, மேற்கோள் இடத்துக்கு ஒன்று என அடிக்குறிப்பைத் தனித்தனி அடுக்காகவும் பிரிக்கலாம். இதன் மூதாதையான எட்மாக்கை உருவாக்கிய இருவரில் ஒருவரான டொமினிக் வுஜாஸ்டிக் சமஸ்கிருத அறிஞர். பதிப்புப் பணியின் தேவை தெரிந்தவர் கை பட்ட கருவி என்பது பயன்படுத்தும்போதே தெரியும். எண்கள் சரியாக அமைய ஒரே கோப்பை மூன்று முறை ஓட்ட வேண்டும். லேடெக்கை இணையத்திலேயே ஓட்டும் ஓவர்லீஃபின் இலவசக் கணக்கில் நேர வரம்பு உண்டு என்பதால், கோப்பு பெருத்தபின் லேடெக் மென்பொருள்களின் தொகுப்பான டெக் லைவைச் சொந்தக் கணினியிலேயே நிறுவிக்கொள்வது நல்லது.

தமிழுக்கென்று ஒரு சங்கதி. லேடெக் கோப்பை ஓட்டும் நிரல்களில் பழைய பிடிஎஃப்லேடெக் வேண்டாம், ஸீலேடெக்கில் தொடங்குங்கள். எழுத்துருவை அறிவிக்கும் வரியில் ஸ்கிரிப்ட் தமிழ் என்று குறிப்பிட வேண்டும். விட்டுவிட்டால் ‘கெ’ என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். முதல் நாளே இதைப் பார்த்துப் பயந்து விலகிவிடுகிறார்கள். ஒரு சொல்லைச் சேர்த்தால் தீர்ந்தது. நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துரு இதில் நன்றாக அமைகிறது.

சி.டி.இ.யைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆஸ்திரிய அறிவியல் கழகத்தில் ஸ்டெஃபான் ஹாகல் உருவாக்கியது. பாடபேதப் பதிப்புக்காகவே பிறந்தது. வரி எண்ணைத் தானே பார்த்துக்கொள்ளும், நிரல் எழுத வேண்டாம். ஒரு பாடபேதம் இன்னொன்றின் பாதியில் தொடங்கி அதைத் தாண்டி முடியும் இடங்களில் ரெலெட்மாக் நம்மைச் சுற்றவிடும். அத்தகைய இடங்கள் நிறைய உள்ள நூல் என்றால் சி.டி.இ.யை முதலில் பார்ப்பேன். ஆனால் நான் அதில் சில பக்கங்களுக்கு மேல் தமிழ் ஏற்றிப் பார்த்ததில்லை. 2023இல் திறந்த மூலமாக வெளிவந்த, லேடெக் போன்ற இன்னொரு மென்பொருளான டைப்ஸ்டையும் அப்படியே லேசாகத்தான் தொட்டிருக்கிறேன். எழுதுவதற்கு லேடெக்கைவிட எளிது, வேகமும் அதிகம். சாதாரண அடிக்குறிப்பு உண்டு. ரெலெட்மாக் அளவுக்கு முதிர்ந்த பாடபேத வசதியை நான் அதில் காணவில்லை.

லேடெக்கால் உண்மையாகவே வரும் தொல்லை நெறியாளர் பக்கம்தான். அவர் வேர்டில் திருத்தம் போட்டுத்தான் பழகியவர். பி.டி.எஃப். அனுப்பினால் ஓரத்தில் குறிப்பு எழுதித் தருவார், அதை நாம் கோப்பில் ஏற்ற வேண்டும். முன்னுரை, ஆய்வு இயல்களை வேர்டிலேயே எழுதிக் கொடுத்துத் திருத்தம் முடிந்தபின் லேடெக்குக்கு மாற்றுகிறேன். மூலபாடத்தை மட்டும் முதலிலிருந்தே லேடெக்கில் வைத்திருக்கிறேன். பதிப்பகங்களும் பெரும்பாலும் வேர்டு கோப்பைத்தான் கேட்கும். மூலபாடப் பகுதிக்கு மட்டுமாவது நம் பி.டி.எஃபை அப்படியே அச்சிடுவார்களா என்று முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

கற்க நினைப்பவர் முழு நூலையும் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டாம். பிள்ளைத்தமிழில் பெரும்பாலும் பருவத்துக்குப் பத்துப் பாட்டு. காப்புப் பருவத்தை மட்டும் உரையோடு ஏற்றி, இரண்டு ஏடுகளின் பாடபேதத்தைக் குறித்து, நடுவில் வேண்டுமென்றே ஒரு பத்தியைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். அதையே வேர்டிலும் செய்துவிட்டு முடிவெடுக்கலாம்.